கோவாவைச் சத்துக் கெடாமல் சமைத்தல்

டிக்கோயாத் தோட்டங்களில் லயத்தின் பின்புறத்தே இரண்டு பாத்தி மண் கிடைக்குமாயின், அவற்றில் ஒன்றிலேனும் கோவா நிற்பது வழக்கம். தமிழ்நாட்டில் முட்டைக்கோசு என வழங்கும் இம்மரக்கறி குளிர்ந்த நிலத்தை விரும்புவது. ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள அட்டன், டிக்கோயாப் பகுதிகளும், 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவும் அதற்கு மிகவும் ஏற்றவை. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் ஐரோப்பிய மரக்கறிகளை அங்கே பயிரிட முற்பட்டார். முன்னாளில் துரைமாரின் மேசைக்கு உரியதாயிருந்த கோவா, இந்நாளில் தொழிலாளர் வீட்டுச் சட்டியிலும் வாரத்திற் பன்முறை வேகின்றது. பல வீடுகளில் அது வேண்டிய அளவுக்கு மேலாக வேகின்றது என்பதே குறை.

நூறு கிராம் பச்சைக் கோவாவில் ஏறத்தாழ 35 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 45 மில்லிகிராம். ஆகவே கோவா ஒன்றே அத்தேவையிற் பெரும்பகுதியை நிறைவேற்றக் கூடியது. ஆயின் இச்சத்து நீரிற் கரைந்துவிடும், சூட்டில் அழிந்துவிடும். நிறைந்த நீரில் நெடுநேரம் அவித்து, அந்நீரையும் கொட்டிவிடும் வீட்டில், சத்தின் பாதிக்கு மேற்பட்டது சாக்கடைக்கே போய்ச் சேருகின்றது.

இவ்விழப்பைச் சிறிதென்று எண்ணலாகாது. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாகக் காணப்படும் குறையாகும். பருப்பு, கீரை முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்வதற்கு, அதே வேளை உணவில் விற்றமின் சி இருத்தல் பெரிதும் துணைசெய்யும். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருளோ அவ்விரும்பை உடலிற் சேரவிடாது தடுக்கும். தேயிலை விளையும் மண்ணில் தேநீரைத் தள்ளிவைக்குமாறு கூறுவது நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். ஆயினும், உணவோடு தேநீர் அருந்தாமல் ஒரு மணி நேரம் கழித்து அருந்துவதே நன்று. கருப்பவதிகள் இதனைக் கட்டாயம் கைக்கொள்ளுதல் வேண்டும்.

நெடுநேரம் வேகவிடுவதற்கு இல்லத்தரசியின் கவனக்குறைவைக் காரணமாகக் கூறுதல் நீதியன்று. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளை ஆயத்தஞ்செய்து, பிரட்டுக்குச் செல்லுமுன் பகலுணவையும் முடிக்க வேண்டியவள், கோவாவை அடுப்பிலேற்றிவிட்டு வேறு வேலை பார்க்கின்றாள். இதற்கு எளிய வழியொன்று உண்டு. முதல்நாள் இரவே இலைகளைக் கழற்றி, முழு இலையாகவே கழுவி நீர்வடிய வைத்தல் வேண்டும். நறுக்குவதை மட்டும் காலையிற் செய்க. மெல்லியதாக நறுக்கிய கோவா வேக ஐந்து நிமிடம் போதும். ஒரு பிடி மிலாறே அதற்குப் போதிய விறகு. அளவுக்கு மேல் வெந்த கோவாவினின்று எழும் கந்தக நாற்றமும், குறைவாக வெந்ததில் மிகக் குறைவு. அந்நாற்றத்தாலன்றோ பிள்ளைகள் கோவாவை வெறுக்கின்றனர்!

வெளியிலைகள் உள்ளிலைகளினும் பச்சையானவை, சத்தும் மிக்கவை. ஆயின் பூச்சிமருந்து படிவதும் அவற்றின் மீதே. கடையில் வாங்கிய கோவாவின் மேலிலைகள் இரண்டை அகற்றி, அடுத்தவற்றை ஓடும் நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுக. புழு இருப்பின் உப்பு நீரிற் பத்து நிமிடம் வைக்கலாம். நறுக்கிய பின் நீரில் ஊறவைத்தல் ஆகாது. வீட்டுத் தோட்டத்தில் மருந்து தெளிப்போர், போத்தலில் குறித்துள்ள நாட்கள் கழியுமுன் கோவாவை வெட்டுதல் கூடாது.

கோவாச் சுண்டல்

அரைக்கிலோ கோவாவை நூல்போல நறுக்குக. சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுக் கடுகு, கறிவேப்பிலை, செத்தல்மிளகாய் இரண்டு, நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றைத் தாளித்து, கோவாவையும் சிறிது மஞ்சளையும் உப்பையும் இடுக. நீர் விடவேண்டியதில்லை, கழுவிய இலையின் ஈரமே போதும். இடைவிடாது கிளறி, இலை வாடியதும் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவைத் தூவி உடனே இறக்குக. தேங்காய் மலைநாட்டில் விளைவதன்று, கீழ்நாட்டிலிருந்து வரவேண்டியது. ஆதலின் அது குறைந்தாலும் குற்றமில்லை. இறக்கியபின் தேசிக்காய்ச் சாறு சிறிது பிழிந்தால் சுவையும் சத்தும் கூடும். ரொட்டிக்கும் சோற்றுக்கும் இச்சுண்டல் பொருந்தும்.

விருந்துக்குரிய கூட்டு

தைப்பொங்கலுக்கும், தீபாவளிக்கும், மாரியம்மன் கோயில் திருவிழாவிற்கும் கோவாக் கூட்டுச் சமைக்கலாம். அன்னதானத்திற்குப் பெரிய அண்டாவிற் சமைக்கும்போது பருப்பையும் கோவாவையும் ஒன்றாக இட்டு, பருப்பு மசியும்வரை வேகவிடுதல் பெருந்தவறாகும். ஒரு கிலோ கோவாவிற்கு 200 கிராம் கடலைப்பருப்பை முதலில் தனியே, மலர வேகவைத்துக்கொள்க. தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் இவற்றை அரைத்துப் பருப்பிற் கலந்து கொதிக்கவிட்டு, கோவாவை இறுதியாகச் சேர்த்து ஏழெட்டு நிமிடத்தில் இறக்குக. கோவாவின் நடுத்தண்டை எறிய வேண்டியதில்லை. மெல்லிய வில்லைகளாக்கிப் பருப்புடனேயே வேகவிட்டால் முள்ளங்கியினும் இனிக்கும்.

பச்சைச் சம்பல்

சமைக்காத கோவாவில் சத்து முழுமையாக நிற்கும். 1768இற் புறப்பட்ட கப்டன் குக்கின் கப்பலில், மாலுமிகளை ஸ்கர்வி நோயினின்று காக்க உப்பிட்டுப் புளிக்கவைத்த கோவா ஏற்றப்பட்டது. ஒல்லாந்தர் கோவாவைப் பச்சையாக நறுக்கி உண்பதைக் கூல்ஸ்லா என்பர். ஆங்கிலத்தில் அது கோல்ஸ்லோ என்றாயிற்று. மேனாட்டார் அதில் முட்டையும் எண்ணெயும் அடித்த குழைவைச் சேர்ப்பர். தோட்ட வீட்டிற்கு அச்செலவு வேண்டியதில்லை. நறுக்கிய கோவா இரண்டு கோப்பையுடன், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேசிக்காய்ச் சாறு ஆகியவற்றைச் சேர்த்துக் கையாற் பிசைந்து, பத்து நிமிடம் வைத்துப் பரிமாறுக. காரட் கிடைப்பின் ஒன்றைத் துருவிச் சேர்க்கலாம். மரக்கறி உண்ணாத நாட்களில் மாசித்தூள் சிறிது தூவின், கோவாவை விரும்பாத பிள்ளைகளும் கேட்டு உண்பர்.

பச்சையாக உண்ணும் கோவாவை இறுதியிற் கொதித்தாறிய நீரிற் கழுவுதல் வேண்டும். பச்சைக் கோவாவை மிகுதியாக நாள்தோறும் உண்பின், அயடீன் குறைந்தவர்களுக்குக் கழலை நோய் மிகக்கூடும். ஆதலால் அயடீன் கலந்த உப்பையே பயன்படுத்துக. 1995ஆம் ஆண்டின் சட்டவிதிக்குப் பின் இலங்கையில் விற்கப்படும் உணவு உப்பு அயடீன் கலந்ததாயிருத்தல் வேண்டும். அவ்வுப்பையும் அடுப்பின் மேற்றட்டில் திறந்து வையாது, மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையல் முடியும் தறுவாயிற் சேர்க்க.

பாதி வெட்டிய கோவா மிஞ்சினால், வெட்டுவாயின் மேல் ஓர் இலையைப் போர்த்தி, அடுப்புக்கு எட்டிய மூலையில் வைத்து, மறுநாளே சமைத்துவிடுக.