கரையில் ஒரு யூனிட்

ரிட்டயர் ஆகி ஊருக்கு வருகிற சிப்பாய்க்கு நாற்பது வயது தாண்டியிருக்காது. ஊர் அவனுக்கென்று சில வேலைகளை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறது: ஏ.டி.எம். வாசலில் ஒரு ஸ்டூல், ஜவுளிக்கடை வாசலில் ஒரு விசில், அப்பார்ட்மென்ட் கேட்டில் ஒரு நோட்டுப்புத்தகம். எனக்கும் திருச்சியில் ஒரு நகைக்கடை வாசல் காத்திருந்தது. நான் போகவில்லை. கைக்கு வந்த பணத்தில் கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு ஃபைபர் படகு வாங்கினேன். "பட்டாளத்துக்காரனுக்குக் கடல்ல என்ன சோலி?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

தண்ணீர் எனக்குப் புதிதல்ல. நான் மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780இல் சென்னையில் தொடங்கிய படை; இன்று பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் மையம். ராணுவத்தில் எங்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றின் மேல் பாலம் போடுவது எங்கள் வேலை. லாரியிலிருந்து மிதவையைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் மடிப்பு விரிந்து மிதக்கும். ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டே போனால் டாங்கி போகிற பாலம் ஆகிவிடும். கும்பமேளாவில் கங்கை மேல் ஜனம் நடந்து போகிற பீப்பாய்ப் பாலம் தெரியுமல்லவா, அதற்குப் பட்டாளத்து அண்ணன் என்று வையுங்கள். இருட்டில், பனியில், கை விறைத்த பிறகும் பூட்டியிருக்கிறோம். ஆனால் ஆறு ஒரு பக்கமாகத்தான் ஓடும். கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், பொழுதுக்கொரு பக்கம் இழுக்கும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ராணுவம் இல்லை.

படகு வாங்குவது எப்படி என்று கேட்டால் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். படகு, அவுட்போர்டு இன்ஜின், நண்டு வலை, கூட வர கடல் தெரிந்த இரண்டு பேர், பங்கு முறை. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், சேற்றுக்கரை, நண்டுக்குப் பேர்போனது. நண்டு வலையில் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், நம் ஃபைபர் படகு மாதிரி நாட்டுப்படகுக்குக் கிடையாது. மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற சமயம் அது. அதற்கு முன்பே படகை இறக்கிவிடுங்கள். பென்ஷன் மாதாமாதம் வருகிறது, உங்கள் மனைவியும் என் மனைவி மாதிரி அரசுப் பள்ளியில் டீச்சராக இருப்பார், பிறகென்ன பயம்?

பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான். பதிவுச் சான்று.

எனக்குப் படகை விற்றவர் வெளியாள் இல்லை, மாமன் முறை. படகு மீன்வளத் துறையில் ஐஎன்டி-டிஎன்-08 என்று தொடங்கும் எண்ணோடு அவர் பேரில் பதிவாகியிருந்தது. பேர் மாற்றச் சொன்னேன். "மாமன் மாப்ளைக்குள்ள எதுக்குப் பேப்பரு? ஒரு சின்னக் கடன் இருக்கு, அது முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். பேசிய தொகையை எண்ணி வாங்கிக்கொண்டார். வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்துகூட இல்லை. இதை என் மனைவி இன்றுவரை என் தப்பு என்கிறாள். நான் ஒத்துக்கொள்வதில்லை. ராணுவத்தில் சுத்தியல் வாங்கினாலும் கையெழுத்துப் போட வேண்டும், உண்மைதான். ஆனால் பாலத்தில் எதிர்முனையில் நிற்கிறவன் 'நான் பார்த்துக்கிறேன்' என்று சொன்னால், அவன் பார்த்துக்கொள்வான். அந்தப் பேச்சை நம்பித்தான் இருபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தேன். ஊரில் அந்தப் பேச்சுக்கு வேறு விலை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2018 நவம்பர் 15 மாலை எல்லோரும் சேர்ந்து படகுகளைக் கரையேற்றித் தென்னையில் கட்டினோம். 16ஆம் தேதி விடியும் முன்னே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. காலையில் போய்ப் பார்த்தால், காப்பாற்றட்டும் என்று கட்டிய தென்னையே முறிந்து என் படகின் மேல் கிடக்கிறது. முன்பக்கம், அணியத்தில், முழங்கை நுழைகிற அளவுக்குப் பிளவு. இன்ஜினைக் கழற்றி வீட்டில் வைத்திருந்ததால் அது தப்பியது. கணக்கெடுக்க வந்தவர்கள் பதிவுச் சான்றைக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாளில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நிவாரணம் மாமன் கணக்குக்குப் போனது. கேட்கப் போனேன். "பேரு எம்பேருல இருக்கு, நான் என்னப்பா செய்யட்டும்?" என்றார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் கரையில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அதுவரை நான் அவர்களுக்குப் 'பட்டாளத்தார்', அவ்வளவுதான். புயலுக்கு மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மரம் அறுக்கும் மெஷின், கப்பி, கயிறு எல்லாம் எனக்குப் பழக்கமான சாமான்கள். எந்தக் கிளையை முதலில் வெட்டினால் அடிமரம் துள்ளாது என்று சொல்லிச் சொல்லி, கரைப் பையன்களை வைத்துக்கொண்டு வழி ஒதுக்கினோம். யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. ஒரு வாரம் கழித்து, பக்கத்துப் படகுக்காரரான பாய் ஒருவர், ரெசினும் ஃபைபர் மேட்டும் வாங்கிக்கொண்டு வந்து என் படகின் பிளவை ஒட்ட உட்கார்ந்துவிட்டார். அவர் படகுக்கே இன்னும் ஒட்டுப் போட்டிருக்கவில்லை. "முதல்ல ஒங்களுதப் பாப்போம், பட்டாளத்தாரே. ஒங்களுக்குத்தான் ரிலீப் பணம் இல்ல" என்றார். பிறகு ஊர்க்கூட்டத்துக்கு மாமனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பணம் திரும்பவில்லை. ஆனால் அத்தனை படகுக்காரர்களுக்கும் முன்னால் பேர் மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து பாயுடையது.

ஊரில் முன்னாள் ராணுவத்தினரின் நட்பு எதனால் அளக்கப்படுகிறது என்று உங்களுக்கே தெரியும். ராணுவக் கேன்டீன் பாட்டில். மாதம் பிறந்தால் எங்கெங்கிருந்தோ பள்ளித் தோழர்கள் முளைப்பார்கள். குடியரசு தினத்துக்குப் பள்ளியில் துண்டு போர்த்தி டீ கொடுத்து, கார்கிலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். மூன்றாவது நிமிடம் ஹெட்மாஸ்டர் வாட்ச் பார்ப்பார். பாய் குடிக்க மாட்டார். கேன்டீனில் என்ன கிடைக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேட்டது வேறு: ராத்திரி காவல் நிற்கும்போது தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்? மாசக்கணக்கில் பிள்ளை முகம் பார்க்காமல் எப்படி இருந்தீர்கள்? முன்பு விசைப்படகில் படகோட்டும் ஸ்ராங்காக இருந்தவர் அவர். இங்கிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் போய் இலங்கைக் கடற்படையிடம் மாட்டியவர்களின் வீடுகளில் பெண்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1974இலும் 1976இலும் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் கோடு கிழித்தன. தண்ணீரில் கோடு தெரியாது, ஜி.பி.எஸ்.ஸில்தான் தெரியும். "நீங்க எல்லையில நின்னுட்டு வந்தீங்க, நாங்க எல்லைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம். ரெண்டு வூட்டுப் பொம்பளையும் ஒரே மாதிரிதான் கெடக்குறாங்க" என்றார் ஒருநாள், வலையில் சிக்கிய நண்டின் காலை ஒடிக்காமல் விடுவித்துக்கொண்டே. மேடையில் எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் இதற்கு ஈடில்லை என்றுதான் சொல்வேன்.

இன்னொரு மரியாதையும் கிடைத்தது, அது கொஞ்சம் வேடிக்கை. கடலோரக் காவல்படை ரோந்துக்கப்பல் படகுகளை நிறுத்தி விசாரிக்கும்போது சில சமயம் இந்தியில்தான் கேள்வி வரும். நம் ஆட்கள் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு விழிப்பார்கள். நான் எழுந்து நின்று எண், பேர், யூனிட் சொன்னால் மேலிருந்து ஒரு 'ராம் ராம் சாப்' வரும். விசாரணை அதோடு சரி. தமிழ்நாட்டில் என் இந்திக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அந்தப் படகுகளில்தான்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பரேடு மைதானத்துக் குரலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். படகில் வயதில் சின்னவன் ஓட்டியாக இருந்தாலும் அவன் சொல்வதுதான் கட்டளை. 'ஹவில்தார்' என்று படகில் எழுதி வைக்காதீர்கள், ஒருவர் எழுதினார், ஆள் கிடைக்காமல் விற்றுவிட்டார். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்காதீர்கள். வாங்கினால் நண்டுக்கு விலை சொல்கிற வாய் உங்களுடையதாக இருக்காது. வாடைக்காற்று மாதங்களில் வீரம் காட்டாதீர்கள். மீனவராகப் பிறந்தவருக்குக் கிடைக்கிற சலுகை எல்லாம் உங்களுக்கும் வேண்டும் என்று வரிசையில் நிற்காதீர்கள். நமக்குப் பென்ஷன் இருக்கிறது, அவர்களுக்குக் கடல்தான். இதைச் சொன்னதற்காக நம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்காரர்கள் சிலர் என்னோடு பேசுவதில்லை.

நகைக்கடை வாசலில் நிற்கிற என் பேட்ச் தோழன் போன மாதம் போன் செய்தான். கால் வீங்குகிறதாம், முதலாளி ஸ்டூல் தரமாட்டேன் என்கிறாராம். வா என்றேன். திங்கள், புதன், சனி விசைப்படகுகளின் நாள். அன்றைக்கெல்லாம் நாங்கள் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்போம், பேசலாம். பக்கத்தில் ஒரு படகு விலைக்கு வருகிறது, விற்பவர் நல்லவர் என்றுதான் சொல்கிறார்கள். முதலில் பதிவுச் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதைப் பாய் ஒருமுறை பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.