கப்பல் மரம் என்னும் கதை

அன்புள்ள சிரஞ்சீவிக்கு,

இங்கிலாந்தில் ஹெரிபோர்டுஷயர் பிரதேசத்து லோயர் பிராக்ஹாம்டன் பண்ணையைப் பற்றி நீ எழுதியனுப்பிய கட்டுரையைப் படித்தேன். அகழியின்மேல் நிற்கும் அதன் சிறிய வாயில்மாடத்தையும், கீழ்த்தளத்தை மீறி வெளியே நீண்ட மேல்தளத்தையும், சற்றே சாய்ந்த அதன் கோலத்தையும் அழகாக வருணித்திருக்கிறாய். ஆனால், இத்தகைய பண்ணைக் கட்டடங்களின் உத்தரங்களில் வெற்றுத் துளைகள் காணப்படுவதால் அவை உடைத்த கப்பல்களின் மரத்தால் கட்டப்பட்டவை என்று முடித்திருக்கிறாயே, அந்த ஒரு வாக்கியம் இரண்டு நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் கிராமங்கள்தோறும் பெருமையோடு சொல்லப்படும் கதை இது. பலர் சொல்வதனால் ஒரு கதை பிரமாணம் ஆகிவிடாது. ஹெரிபோர்டுஷயரோ கடலைக் காணாத நாடு, வேல்ஸின் எல்லையை ஒட்டியது. பக்கத்துத் தோப்பில் ஓக் மரம் ஓங்கி வளர்ந்திருக்க, சேறும் பள்ளமுமான பாதையில் துறைமுகத்திலிருந்து பழைய மரத்தை வண்டியேற்றிக் கொண்டுவர எந்தப் பண்ணைக்காரன் பணம் செலவழிப்பான்? மேலும், ஆண்டுக்கணக்கில் உலர்ந்த ஓக் உளியின் முனையை மழுக்கிவிடும். ஆகவே அக்காலத் தச்சர்கள் வெட்டிய ஈரம் காயாத பச்சை மரத்தையே இழைத்து, மரநுனியில் செதுக்கிய நாக்கை மற்றொன்றின் துளையில் புகுத்தி, இரண்டின் முளைத்துளைகளும் நேர்க்கோட்டில் அமையாமல் மயிரிழை விலகியிருக்குமாறு செய்து, மரமுளையை அடித்து இறுக்கினார்கள். மரம் நின்ற இடத்திலேயே உலர்ந்து சுருங்கியது. நீ கப்பலின் வளைவென்று கருதிய கோணல்களிற் பல அவ்வாறு உலர்ந்ததால் விளைந்தவை. மற்றவை, வளைந்த கைமரத்துக்கென்றே வளைந்த மரத்தைத் தேடியெடுத்ததால் அமைந்தவை.

பின் வெற்றுத் துளைகள் எங்கிருந்து வந்தன? இடையில் ஒரு சுவரையோ தாங்குமரத்தையோ அகற்றியிருப்பார்கள். அல்லது இடிந்த வேறொரு களஞ்சியத்தின் மரத்தை மறுபடி பயன்படுத்தியிருப்பார்கள். பட்டறை முற்றத்தில் சட்டத்தை முழுதும் தரையில் பொருத்திப் பார்த்து, பிரித்துக் கொண்டுபோய் நிறுத்துவதே வழக்கமாதலால், எந்த நாக்கு எந்தத் துளைக்கு உரியது என்பதை உணர்த்த ரோமானிய எண்களை மரத்தில் கீறி வைப்பார்கள். அந்த வரிசை நடுவே தடுமாறினால், மரம் இடம் மாறியதென்று அறிந்துகொள்ளலாம். கப்பலைத் துணைக்கு அழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாயில்மாடம் பகைவரைத் தடுக்க எழுந்தது என்ற உன் அபிப்பிராயமும் பொருந்தாது. மரச்சட்டங்களுக்கிடையே பிளாச்சு நிரவிச் சாந்து பூசிய சுவர் எந்தப் படையைத் தடுக்கும்? அது வீட்டுக்காரனின் கௌரவத்தை வருவோர்க்கு அறிவிக்கும் முகப்பு.

இவ்விஷயத்தில் எனக்கு மிகவும் பிரியமான கட்டடம் ஆக்ஸ்போர்டுஷயரிலுள்ள கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம். ஏறக்குறைய 152 அடி நீளமும் 44 அடி அகலமும் 48 அடி உயரமும் கொண்டது அது. அதன் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, 1292-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். ஓக் தூண்கள் ஈரம் ஏறாதவாறு உயர்ந்த கற்பீடங்களின் மேல் நிற்கின்றன. இதையும் தசமபாகக் களஞ்சியம் என்று பலர் சொல்வது தவறு. இதைக் கட்டிய பியூலி மடத்துத் துறவிகள் பிறரிடம் தசமபாகம் வாங்கிச் சேர்த்த இடமன்று, தங்கள் சொந்த நிலத்து விளைச்சலைச் சேமித்த இடம். அருகே கெல்ம்ஸ்காட்டில் குடியிருந்த வில்லியம் மாரிஸ் இதைப் பேராலயத்துக்கு நிகராகப் போற்றினார்.

நான் கல்லூரியில் படித்த நாளில், கட்டடக்கலை பயின்று பின்னர் நாவலாசிரியரான தாமஸ் ஹார்டி, 1874-இல் வெளியிட்ட ஒரு நாவலில் ஆட்டு மயிர் கத்தரிக்கும் பழங்களஞ்சியத்தைக் கோயிலோடும் கோட்டையோடும் ஒப்பிட்ட பகுதியைப் படித்துப் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோயிலையும் கோட்டையையும் எழுப்பிய நோக்கங்கள் தேய்ந்துபோக, களஞ்சியம் மட்டும் எந்தத் தொழிலுக்காகப் பிறந்ததோ அதையே செய்து நிற்கிறது என்பது அங்கே அவர் கருத்து. பண்ணைக் கட்டடத்தை அதன் தொழிலைக்கொண்டே படிக்க வேண்டும் என்பதை நான் அன்றுதான் கற்றேன். எதிரெதிரே இரண்டு பெருங்கதவுகள் ஏன்? இடையிலுள்ள களத்தில் கதிரடித்துத் தூற்றும்போது குறுக்கே வீசும் காற்றுப் பதரைக் கொண்டுபோவதற்காக.

ஆகையால் அந்த வாக்கியத்தை அடித்துவிடு. இனி ஒரு வெற்றுத் துளையைக் கண்டால் கடலை நினையாதே. அதில் ஒரு காலத்தில் எந்த மரத்தின் நாக்குப் புகுந்திருந்தது என்று எதிர்ச்சுவரைப் பார்.

இப்படிக்கு,
உன் ஆசிரியன்