ஒரு கிரிட், மூன்று கணக்கு



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பஸ், கல்லாறு தாண்டி மலையேறும்போது நிற்குமே, அந்த பர்லியார்தான் என் ஊர். 1871-லிருந்து அரசுத் தோட்டமாக இருக்கும் பழப்பண்ணையால் பெயர் பெற்ற ஊர். அப்பாவுக்கு ரோட்டோரம் பழக்கடை. அம்மா மேலே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் எட்டாம் வகுப்பிலிருந்தே, எங்கள் தெருவிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் 12 பேரின் இலை எடையை ராத்திரி நோட்டில் எழுதி வைப்பது என் பொறுப்பு. சம்பள நாளில் அந்த நோட்டை வைத்துத்தான் அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள்.

இந்த ஆண்டு மினி புராஜெக்டுக்கு அந்த நோட்டையே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதில் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரிட் என்றால் என்ன?

வரிகளும் பத்திகளும் கொண்ட அட்டவணை. ஆனால் வெறும் அட்டவணை அல்ல. தலைப்பை அழுத்தினால் வரிசை மாற வேண்டும், தேட வேண்டும், கட்டத்திற்குள்ளேயே திருத்த முடிய வேண்டும். 2013-ல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் மூலம் இதை எழுதினேன். "ஏஜி கிரிட், டான்ஸ்டாக் டேபிள் என்று ஆயத்தமாகவே கிடைக்கிறதே, எதற்கு இந்த வேலை?" என்று கேட்கலாம். வேலைக்குப் போனபின் அதையே பயன்படுத்துவோம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய, ஒருமுறையாவது நாமே செய்து பார்க்க வேண்டும்.

மாறுவது வெளியே, மாறாதது உள்ளே

முதலில் இலை எடைக்கு ஒரு கிரிட் எழுதினேன். பிறகு அப்பாவின் கடைக் கணக்குக்கு அதை காப்பி அடித்து இன்னொன்று. அப்புறம் வகுப்பின் பஸ் பாஸ் பட்டியலுக்கு மூன்றாவது. ஒன்றில் தப்பு கண்டுபிடித்தால் மூன்றிலும் திருத்த வேண்டியிருந்தது. அப்போதுதான் புத்தி வந்தது.

மூன்றிலும் ஒரே மாதிரி இருப்பது எது? தலைப்பு வரைவது, வரிசைப்படுத்துவது, தேடுவது, திருத்தியதைத் தெரிவிப்பது. இவை காம்பொனென்டுக்குள் இருக்கட்டும். வேறுபடுவது எது? பத்திகள்தான். அவற்றை ஒரு பட்டியலாக வெளியிலிருந்து ப்ராப்ஸ் வழியாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு பத்திக்கும் நான்கு விவரம் போதும்: தலைப்பு, தரவில் எந்தப் பகுதி, எப்படிக் காட்டுவது, எப்படி ஒப்பிடுவது. "கிலோ" என்ற சொல்லோ "மங்குஸ்தான்" என்ற சொல்லோ கிரிட்டின் உள்ளே வரவே கூடாது. வந்தால் அது ஒரு கணக்குக்கு மட்டுமே உதவும்.

எப்படிக் காட்டுவது என்பதில் ஒரு எச்சரிக்கை. வேலைக்குப் போகாத நாளுக்கு 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள். 0 போட்டால் சராசரி இறங்கிவிடும்.

அம்மாவின் 23 கிலோ

ஒருநாள் ராத்திரி அம்மாவின் எடை 23-ஐ மூன்றாவது வரியில் டைப் செய்தேன். சேமிப்பதற்கு முன் பெயர்த் தலைப்பை அழுத்தினேன். பெயர்கள் வரிசை மாறின. டைப் செய்த 23 மட்டும் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது! இப்போது அது வேறொரு அக்காவின் வரி. நான் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் டோக்கன் எண் 47-ஐ எங்கே பார்த்தாலும் தெரியும்.

"என்னடி இது, எம் இலையக் கொண்டுபோய் அவ கூடையில கொட்டிட்ட?"

காரணம் இதுதான். ரியாக்ட் ஒவ்வொரு வரியையும் 'கீ' என்ற அடையாளத்தால் நினைவில் வைக்கிறது. நான் 1, 2, 3 என்ற இடத்தின் எண்ணையே கீயாகக் கொடுத்திருந்தேன். ஆட்கள் இடம் மாறினாலும் மூன்றாவது இடம் மூன்றாவது இடம்தானே? அதனால் அந்தக் கட்டத்தில் டைப் செய்தது அங்கேயே தங்கிவிட்டது.

திருத்தம் இரண்டு. ஒன்று, இடத்தின் எண்ணுக்குப் பதில் டோக்கன் எண்ணைக் கீயாக வைப்பது. பல நாள் கணக்கு ஒரே திரையில் இருந்தால் டோக்கனோடு தேதியையும் சேர்க்க வேண்டும். பெயரை வைக்கக் கூடாது. 12 பேரில் இரண்டு பேருக்கு ஒரே பெயர். இரண்டு, டைப் செய்ததைக் கட்டத்திற்குள் விடாமல், அந்தக் கீயின் பெயரில் மேலே உள்ள காம்பொனென்டின் ஸ்டேட்டில் வைப்பது.

அம்மா பறிக்கும் இலை தூளாகிப் போய்ச் சேரும் இடத்திலும் இதே விதிதான். குன்னூரில் 1963-லிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. 2003-ல் டீசர்வ் அங்கே மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. ஒரே ஃபாக்டரியின் ஒரே தரத் தூள் இரண்டு லாட்டாக வரலாம். அவற்றைப் பிரித்துக் காட்டுவது லாட் எண்தான்.

வரிசைப்படுத்துவதில் இரண்டு பள்ளங்கள்

ஜாவாஸ்கிரிப்டின் 'ஸார்ட்', ஒன்றும் சொல்லாவிட்டால் எண்களையும் எழுத்தாகவே ஒப்பிடும். 9, 23, 100 என்பது 100, 23, 9 என்று வரும். எண் பத்திக்கு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு பள்ளம். யூனிகோடில் 'ன', 'ந'வுக்கு அடுத்து இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். அதனால் கமலாவுக்கு முன்னால் கனி வந்துவிடும். 'இன்ட்ல் கொலேட்டர்' என்ற வசதிக்குத் தமிழின் மொழிக் குறியைக் கொடுத்தால் அகராதி வரிசை கிடைக்கும்.

வரிகள் பெருகினால்

மாதம் 26 நாள் வேலை என்றால் 12 பேருக்கு 312 வரி, வருடத்திற்கு 3,744. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரைந்தால் செல்போன் திணறும். பக்கம் பக்கமாகப் பிரிக்கலாம். அல்லது கண்ணுக்குத் தெரியும் வரிகளையும், மேலும் கீழும் சிலவற்றையும் மட்டும் வரையலாம்.

முடிவாக

நண்பர்களே, கிரிட் எழுதி முடித்ததும் இதைச் செய்து பாருங்கள். ஒரு கட்டத்தில் டைப் செய்யுங்கள், சேமிக்காமல் வரிசையை மாற்றுங்கள், எழுதியது உரியவரோடு போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கணக்கு அல்ல. நமக்கு அது ஒரு எண். பறித்தவருக்கு ஒருநாள் உழைப்பு.

இப்போது எங்கள் தெருவில் 12 பேரும் செல்போனில் தங்கள் எண்ணைத் தட்டி எடையைப் பார்க்கிறார்கள். நோட்டையும் நான் விடவில்லை. "ரெண்டும் இருக்கட்டும்டி" என்கிறார் அம்மா.



– இறுதியாண்டு மாணவி, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு, பர்லியார்