மூச்சும் மனமும்

தமிழில் மூச்சுக்கு ‘உயிர்ப்பு’ என்றொரு பெயருண்டு. துன்பமுற்றோர் பெருமூச்செறிதலும், துன்பம் நீங்கினோர் ‘இப்பொழுதுதான் மூச்சு வந்தது’ என்றலும் நம்மவர் வழக்கு. இத்தொடர்பு சொல்லளவில் நிற்பதன்று. ஆஸ்துமா முதலிய நாட்பட்ட சுவாச நோயுடையாரிடத்தே மனச்சோர்வும், தம்முயிரை மாய்க்கும் எண்ணமும் ஏனையோரிலும் மிகுதி என்பது பல நாட்டு ஆய்வுகளாற் புலனாகின்றது.

காரணங்களை நோக்குவாம். மூச்சுத் திணறல் அச்சத்தை விளைக்கும். அச்சம் மூச்சை விரைவிக்கும். விரைந்த மூச்சு திணறலை மேலும் பெருக்கும். இச்சுழலில் அகப்பட்டவர்க்கு இரவிலே உறக்கமும் இல்லை. நாளடைவில் தொழில் கைவிட்டுப்போகும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாடிவீடுகளில் வாழும் முதியோர் படியிறங்க அஞ்சிக் கோயிலுக்கும் செல்லாதிருப்பர். ‘பிள்ளைகளுக்குப் பாரமானோம்’ என்று எண்ணுவர். இவ்வெண்ணமே மிகவும் அஞ்சத்தக்கது. மருந்துகளுட் சிலவும் மனநிலையை மாற்றவல்லன. மொன்ரிலூகாஸ்ற் என்னும் மருந்துபற்றி அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2020ஆம் ஆண்டிற் கடும் எச்சரிக்கை விடுத்தது. மருந்துண்பவர் குணம் வேறுபடின் வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். 

இத்தீங்கு தடுக்கத்தக்கதே. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கொடிய பீடைகொல்லிகளைத் தடைசெய்தமை முதலியவற்றால் அத்தொகை பின்னர் பாதிக்கும் கீழாயிற்று. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. ஆதலின் உதவி நாடுவோர் சட்டத்துக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

நாம் செய்யத்தக்கது யாது? நோயாளரிடம் ‘வாழ்வு வெறுத்துவிட்டதா?’ என்று கனிவோடு வினவுதல் வேண்டும். அவ்வினா தீய எண்ணத்தை விதைக்கும் என்பது தவறு. மனப்பாரத்தை இறக்கவே அது வழிசெய்யும். மூச்சுப் பயிற்சியும் முறையான மருந்தும் திணறலைத் தணிக்கும். மனச்சோர்வுக்கும் தனியே சிகிச்சை உண்டு. நெஞ்சு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர் தம் மனவருத்தத்தையும் அவ்வைத்தியரிடமே கூறலாம். 1974ஆம் ஆண்டு தொடங்கிய சுமித்ரயோ அமைப்பினர் துயருற்றோர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கின்றனர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு.

விழாக் காலத்திலே பழைய தோழர்களைத் தேடுகின்றோம். ‘இளைப்பு வருத்தம், வரமாட்டார்’ என்று நாம் கைவிட்ட பெயர்களும் அவர்களுள் உண்டு. அவர்தம் படியேறிச் சென்று அருகிருந்து பேசுதலும் கல்லூரிப் பணியேயாம்.