மருந்தின் பொதுப்பெயர்

பெயரைப் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என இலக்கண நூலார் வகுப்பர். மருந்துக்கும் அவ்வகுப்பு உண்டு. காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் பொதுப்பெயர். குரோசின், டோலோ முதலியன விற்போர் இட்ட சிறப்புப்பெயர்கள். மருந்து ஒன்றேயாயினும், விளம்பரச் செலவும் உடன் ஏறுதலின் விலை வேறுபடுகின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் தரத்திற்கு ஊர்ப்பெயரே சான்று. மருந்தின் தரத்திற்கோ, இருவகைக்கும் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டமே அளவுகோல். இராஜபாளையத்தையடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணியை எவர் முத்திரையிட்டு விற்பினும், புண்ணைக் காப்பது துணியேயன்றோ? அதனை நெய்வார் காய்ச்சலுற்றால் அன்றைக் கூலி போம். அதன்மேல் மிகைவிலையும் கொடுத்தல் தகுமோ? தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-இல் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்து பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலைக்கு அளிக்கலாயிற்று. ஆதலின் நாம் அட்டையிலுள்ள பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் நோக்கி வாங்குவோமாக. எழுத்தறியாதார்க்கும் படித்துச் சொல்வோமாக.