கையில் இரண்டு சீட்டு வந்ததும்

அன்புள்ள நண்பருக்கு,

அறை நண்பர்கள் ஆறு பேர், சனிக்கிழமை இரவு, டெக்ஸஸ் ஹோல்டெம், பணம் வைக்காமல் வெறும் சிப்ஸ். நல்ல ஏற்பாடு, அப்படியே இருக்கட்டும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. 

“எந்தக் கை வந்தாலும் இருபது சிப்ஸ்தானே என்று ஃப்ளாப் பார்த்துவிடுகிறேன்” என்று, அதாவது மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளைப் பார்க்காமல் விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நஷ்டம் முழுக்க அந்த “தானே”யில் இருக்கிறது. ரம்மியில் ஜோக்கரும் இல்லை, சீக்வென்ஸுக்கு வழியும் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? இருபது பாயிண்ட் போனால் போகட்டும் என்று முதலிலேயே ஸ்கூட் விடுவீர்கள். போக்கரில், பிளைண்டு (சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் சிப்ஸ்) கட்டிய இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்கு அந்த ஸ்கூட் இலவசம். ரம்மியில் விலை கொடுத்து வாங்குவதை இங்கே சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறீர்கள்.

52 சீட்டில் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். ஏதோ ஒரு ஜோடி கைக்கு வருவது பதினேழு ஆட்டத்துக்கு ஒருமுறை. ஆஸ் ஜோடி 221-க்கு ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் கையில் இருப்பது பெரும்பாலும் குப்பைதான். அதைக் கவிழ்த்துவிட்டு மற்றவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று கவனிப்பதும் ஆட்டம்தான். பொழுது போகாது, வாஸ்தவம்.

எதை ஆடுவது என்பதற்கு நீங்கள் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியலைவிட, எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். பெரிய பிளைண்டுக்கு அடுத்தவர் முதலில் பேச வேண்டும்; அவருக்குப் பின் ஐந்து பேர் இன்னும் வாய் திறக்கவில்லை. பட்டனில், அதாவது சீட்டு பகிர்பவர் இடத்தில், இருப்பவர் ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசுவார். எல்லாரும் செய்ததைப் பார்த்துவிட்டுத் தன் முடிவைச் சொல்லும் வசதி அவருக்கு மட்டும். அதனால் ஆறு பேர் மேசையில் முதல் இருக்கையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக் கைகளை ஆடுங்கள்: நடுத்தர ஜோடியும் அதற்கு மேலும், ஆஸ்-ராஜா, ஆஸ்-ராணி, ஒரே சூட்டில் ராஜா-ராணி போன்றவை. அதுவே பட்டனில், முன்னால் இருப்பவர்களெல்லாம் கவிழ்த்துவிட்டால், நூற்றுக்கு நாற்பது வரை போகலாம்.

நீங்கள் கேட்ட ஆஸ்-நான்கு விஷயம் இதில் அடக்கம். முதல் இருக்கையில் அதை வைத்து ரெய்ஸ் செய்கிறீர்கள் (தொகையை உயர்த்துகிறீர்கள்), பின்னால் ஒருவர் ஆஸ்-ராஜாவோடு கால் செய்கிறார் (அதே தொகையைக் கட்டுகிறார்). ஃப்ளாப்பில் ஆஸ் விழுகிறது. உங்களுக்கு ஆனந்தம், அவருக்கு அதைவிட ஆனந்தம். இரண்டு பேருக்கும் ஆஸ் ஜோடி. பக்கச் சீட்டில் அவர் ராஜா, நீங்கள் நான்கு. சூட் வேறுவேறாக இருந்தால் அந்த மோதலில் நீங்கள் ஜெயிப்பது ஏறக்குறைய நான்கில் ஒருமுறைதான். ஆஸ் விழாவிட்டால் சிறு இழப்போடு தப்பிப்பீர்கள், விழுந்தால்தான் ஆபத்து. பட்டனில் அதே கையைத் தாராளமாக ஆடலாம்.

“இரண்டும் இஸ்பேட், எப்படி விடுவது?” என்ற கேள்விக்கும் கணக்கு உண்டு. ஒரே சூட்டாக இருப்பதால் கையின் பலம் மூன்று நான்கு சதவீதம் கூடும், அவ்வளவே. ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் முடிவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ராஜா-மூன்று இஸ்பேடில் வந்தாலும் ராஜா-மூன்றுதான். சின்ன ஜோடியைப் பற்றியும் இதே எச்சரிக்கை: ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு சேருவது எட்டு எட்டரைக்கு ஒருமுறை. எதிராளியிடம் பெரிய குவியல் இருந்து, நீங்கள் கட்டுவது அதில் ஒரு துளியாக இருந்தால் மட்டும் துணியுங்கள்.

அடுத்தது, எவ்வளவு கட்டுவது. உள்ளே போவதென்றால் ரெய்ஸோடு போங்கள். வெறும் கால் செய்து நுழைவதை நான் ஏறக்குறைய எல்லா நேரமும் தவறு என்றே சொல்வேன். உங்கள் மேசையில் பிளைண்டு 10, 20. யாரும் நுழையவில்லை என்றால் 50 அல்லது 60. முன்னால் வெறும் கால் செய்தவர்கள் இருந்தால் தலைக்கு இன்னொரு 20 சேருங்கள். இரண்டு பேர் என்றால் 60-க்கு மேல் 40, ஆக 100. காரணம் இதுதான்: ஆஸ் ஜோடியே ஒரு எதிராளிக்கு எதிராக நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும், நாலு பேர் கூட வந்தால் 56-க்கு இறங்கிவிடும். போன வாரம் ஆஸ் ஜோடியை “ஒளித்து” வைத்து ஐந்து பேரோடு ஃப்ளாப் பார்த்துத் தோற்றதாக எழுதியிருந்தீர்களே, அது துரதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை.

ரெய்ஸுக்கு இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. பட்டனிலிருந்து 50 கட்டுகிறீர்கள், நடுவில் கிடப்பது 30. இரண்டு பிளைண்டுகளும் எட்டில் ஐந்து முறைக்கு மேல் கவிழ்த்தால், கையில் என்ன இருந்தாலும் லாபம். வெறும் கால் செய்பவருக்கு இந்த வழியே கிடையாது. ரெய்ஸ் அளவை மட்டும் நல்ல கைக்கு ஒன்று, சுமார் கைக்கு ஒன்று என்று மாற்றாதீர்கள். இரண்டு சனிக்கிழமையில் எல்லாரும் படித்துவிடுவார்கள்.

வேறொருவர் முன்பே ரெய்ஸ் செய்திருந்தால் உங்கள் வாசலைக் குறுக்குங்கள். ஆஸ், ராஜா, ராணி ஜோடிகளும் ஆஸ்-ராஜாவும் இருந்தால் அவர் கட்டியதைப் போல் மூன்று மடங்கு திருப்பிக் கட்டுங்கள். பிளைண்டிலிருந்து என்றால் நாலு மடங்கு. பெரிய பிளைண்டில் நீங்கள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ரெய்ஸ் செய்தவர் 50 கட்டி, சின்ன பிளைண்டு விலகினால், நடுவில் 80 இருக்கும். நீங்கள் போட வேண்டியது 30. முப்பது போட்டு 110-க்கு மோதுகிறீர்கள், அதாவது 27 சதவீத வாய்ப்பு இருந்தாலே கட்டுபடியாகும். அங்கே கொஞ்சம் தளர்வாகக் கால் செய்யலாம். சின்ன பிளைண்டில் அந்தத் தளர்வு வேண்டாம். ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால் பேச வேண்டிய இடம் அது.

கடைசியாக, பத்து-இரண்டு ராசியான கை என்று உங்கள் நண்பர் வாதாடுவது பற்றி. போக்கர் வீரர் டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டும் லாஸ் வேகஸ் போக்கர் உலகத் தொடரின் கடைசிக் கையை அதை வைத்துத்தான் ஜெயித்தார். இரண்டு முறையும் ஃபுல் ஹவுஸ். அது நிஜம். இரண்டு முறையும் மேசையில் மிச்சம் இருந்தது இரண்டே பேர் என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். உங்கள் மேசையில் ஆறு பேர்.

அன்புடன்.