வரையப்படாத தோட்டம்

பெடாஸ், நெகிரி செம்பிலான்.

அன்புள்ள பேத்திக்கு,

சித்திரக்கதை வரைய உனக்கு ஆவல் இருந்தும், தமிழில் அதை அச்சிட்டு வெளியிட இந்நாட்டில் யார் முன்வருவார்கள் என்று கேட்டிருந்தாய். அச்சுக்கூடத்தின் வாசலில் காத்து நிற்க வேண்டிய அவசியம் உன் தலைமுறைக்கு இல்லை. ஆயினும் இணையம் தந்திருக்கும் இந்தச் சௌகரியம் எவ்வழி வந்தது, அதில் அபாயம் எங்கே இருக்கிறது என்பதை நீ அறிந்திருப்பது நலம்.

நான் அறிந்த தமிழ்ச் சித்திரக்கதைகளுள் முதன்மையானவை, 1960 முதல் தினத்தந்தியில் அன்றாடம் சில கட்டங்களாக வந்த கன்னித்தீவும், 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும் ஆகும். அந்த முத்து காமிக்ஸின் முதல் நாயகனான இரும்புக்கை மாயாவி அழகிய தமிழில் பேசினான் என்றாலும், அவன் ஆங்கிலேயர் கற்பனையில் உதித்தவன். அவன் உலகத்தில் நம் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரமும் இல்லை, விடியற்காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களமும் இல்லை. பேராக் கம்பத்தில் கழிந்த தம் பிள்ளைப் பருவத்தை ஓவியர் லாட் அவர்கள் 1979இல் ‘கம்போங் பாய்’ என்னும் நூலாக வரைந்தபோதுதான், இந்நாட்டு எளிய மனிதரின் வாழ்வும் சித்திரக்கதைக்கு உரிய விஷயமே என்பது எனக்கு விளங்கிற்று. தோட்டத்தை அவ்வாறு தோட்டத்துப் பிள்ளை ஒருவரே வரைந்த நூலை இன்றுவரை நான் கண்டதில்லை.

அமெரிக்காவில் 1990களின் முற்பகுதியிலேயே சிலர் இணையத்தில் சித்திரங்களை வெளியிடத் தொடங்கினர். அவை பெரும்பாலும் பத்திரிகைக் கட்டங்களின் அமைப்பிலேயே இருந்தன. திரைக்குத் தாளைப்போல் ஓரம் கிடையாது, ஆகவே சித்திரம் எல்லையின்றி நீளலாம் என்று சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 2000ஆம் ஆண்டில் எழுதினார். அதைப் பெருவழக்காக்கியவர்கள் கொரியர்கள். 2003, 2004 ஆண்டுகளில் ‘டாவும்’, ‘நேவர்’ என்னும் அவர்களுடைய நிறுவனங்கள் தொடங்கிய வெப்டூன்களில், வாசகர் பக்கத்தைப் புரட்டுவதில்லை. விரலால் மேலே தள்ளிக்கொண்டே போகிறார். இதன் நுட்பத்தை நீ ஊன்றிக் கவனிக்க வேண்டும். அச்சில் திகைப்பை ஒளித்துவைக்கும் இடம் பக்கத்தின் மறுபுறம். இங்கோ இரண்டு கட்டங்களுக்கு இடையே விடப்படும் வெளியே காலமாகிறது. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு உன் பாட்டி பால்மர நிரைக்குள் நுழைந்த அந்த நேரத்தை வரைவதாக வைத்துக்கொள். திரை முழுதும் இருளாக விட்டு, வாசகரின் விரல் சற்றே சலிக்கும் வரையில் அவ்விருளை நீளவிட்டு, அதன் பின்னர் ஒரு சிறு வெளிச்சத்தையும், அதனுள் மரப்பட்டையையும், பால் சொட்டும் மங்குக் கிண்ணத்தையும் காட்டுவாயானால், அந்தக் காலைப்பொழுதின் நீளத்தை ஒரு வார்த்தையும் இன்றி உணர்த்திவிடலாம்.

நம் நாட்டிலிருந்தே இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. ஜொகூரின் பத்து பஹாட்டிலிருந்து புறப்பட்டு, ஓவியம் பயில விழையும் ஒரு பெண்ணைப் பற்றி, தம் சொந்த வாழ்வைத் தழுவி எரிக்கா எங் என்னும் இளம்பெண் இணையத்தில் வரைந்த ‘ஃபிரைட் ரைஸ்’, சிறந்த இணையச் சித்திரக்கதைக்கான 2020ஆம் ஆண்டின் ஐஸ்னர் விருதைப் பெற்றது. 2017இல் அதே விருதுகளுள் மூன்றை அச்சு நூலுக்காகப் பெற்ற சன்னி லியூ பிறந்ததும், நமக்கு அடுத்திருக்கும் சிரம்பானில்தான்.

இணையம் முழுச் சுதந்திரம் என்று மட்டும் எண்ணிவிடாதே. கேலிச்சித்திரக்காரர் சூனாரின் நூல்கள் 2010இல் தடைசெய்யப்பட்டபோதும் அவருடைய சித்திரங்கள் இணையத்தில் உலவின. ஆனால் 2015இல் ட்விட்டர் பதிவுகளுக்காகவே அவர்மீது ஒன்பது தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டு, 2018இல்தான் விடுதலை கிடைத்தது. மற்றோர் அபாயம் சத்தமின்றி வருவது. ஃபிளாஷ் என்னும் மென்பொருளுக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டபோது, அதை நம்பி ஆக்கிய எண்ணற்ற படைப்புகள் சாதாரண வாசகரின் திரையிலிருந்து மறைந்தன. ஆகவே, அந்நிய நிறுவனத்தின் தளத்தில் வெளியிடு, குற்றமில்லை. ஆனால் மூலச் சித்திரங்களை உன் கைவசமே இரண்டு இடங்களில் வைத்திரு. வசனங்களைப் படத்தின்கீழ் தனி எழுத்தாகவும் தட்டச்சு செய். படத்துக்குள் வரைந்த எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் கருவிக்கும் அது எட்டுவது அரிது. நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் ஆக்கித் தந்தபின், தமிழில் தட்டச்சு செய்வது நமக்கு ஒரு சிரமமே அன்று.

இனி வரும் காலத்தில் இயந்திரமே சித்திரம் தீட்டிவிடும், கை எதற்கு என்று உன் தோழியர் கூறுவதாக எழுதியிருந்தாய். அவ்வியந்திரம் கற்றதெல்லாம் பிறர் முன்னரே வரைந்தும் படம்பிடித்தும் வைத்தவற்றிலிருந்து. லயத்து வாசலையும், ஒட்டுப்பால் மூட்டையையும், ஆயக்கொட்டகைத் தூளியையும், பால்மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்ட பின் வேலை தேடிப் பட்டணம் போன குடும்பங்களையும் போதுமான அளவு வரைந்தவர் இல்லாதபோது, அது எதைக் கண்டு கற்கும்? கேட்டால் ஏதோ ஒரு தோட்டத்தைக் காட்டும். அது நம் தோட்டமாக இராது. ஆகவே இந்த வேலை உனக்கென்றே மிஞ்சியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதல் அத்தியாயத்துக்குப் பன்னிரண்டு கட்டங்கள் போதும். பென்சிலால் வரைந்துகொண்டு பள்ளி விடுமுறைக்கு இங்கே வா. வசனங்களைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டு. கிராணியிடம் யார் அப்படிப் பேசுவார்கள் என்று அவள் திருத்துவதையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகே மை தீட்டலாம்.

அன்புடன்,
தாத்தா